பேரிங் ஏன் சூடாகிறது? எண்ணெய்ப் படலத்தின் கணக்கு, அடிப்படையிலிருந்து

"பேரிங் சூடாகுதா? கெட்டியான ஆயிலா மாத்து, சரியாயிடும்." எந்தப் பட்டறையில் போய் நின்றாலும் இந்த யோசனை காதில் விழும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் ஆலையில் பெரிய காற்று விசிறி ஒன்றின் பேரிங் வழக்கத்தைவிட ஏழெட்டு டிகிரி கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது. இருந்த எண்ணெயை வடித்துவிட்டு, ஒரு கிரேடு கெட்டியானதை ஊற்றினோம். மறுநாள் பார்த்தால் வெப்பநிலை இன்னும் ஏறியிருந்தது. சென்சார்தான் கெட்டுவிட்டது என்று அதையும் மாற்றினார்கள். புதிய சென்சாரும் அதே எண்ணைத்தான் காட்டியது.

அன்றைக்கு அங்கிருந்த யாருக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை, எனக்கும்தான். பிறகு படித்துப் புரிந்துகொண்டபோதுதான், இந்த விஷயத்தில் நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்வதில் எவ்வளவு தவறு இருக்கிறது என்று தெரிந்தது. இரும்பும் இரும்பும் உரசுவதால்தான் சூடு வருகிறது என்கிறோம். பம்பு கொடுக்கும் அழுத்தம்தான் ஷாஃப்டை, அதாவது சுற்றும் தண்டை, தூக்கிப் பிடிக்கிறது என்கிறோம். எண்ணெய் கெட்டியாக இருக்க இருக்க நல்லது என்கிறோம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஜர்னல் பேரிங்கைப் பொறுத்தவரை இந்த மூன்றுமே சரியில்லை. ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு அறிவியல் போதும்.

முதலில் பொருள் என்ன என்று பார்ப்போம்

பேரிங் என்றதும் பலருக்கும் உள்ளே குண்டுகள் உருளும் பால் பேரிங்தான் ஞாபகம் வரும். ஜர்னல் பேரிங்கில் குண்டும் இல்லை, உருளையும் இல்லை. ஒரு வட்டத் துளைக்குள் ஒரு வட்டத் தண்டு சுற்றுகிறது, நடுவில் எண்ணெய். அவ்வளவுதான். மாட்டுவண்டிச் சக்கரமும் அடிப்படையில் இதே அமைப்புதான்: அச்சின் மேல் குடம் சுற்ற, இடையில் வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த கறுப்பு மசகு. இன்று மசகு எண்ணெய் என்று நாம் சொல்லும் சொல்லே அந்த வண்டி மசகிலிருந்து வந்ததுதான்.

ஷாஃப்டில் பேரிங்குக்குள் இருக்கும் பகுதிக்கு ஜர்னல் என்று பெயர். அதைச் சுற்றியிருக்கும் அசையாத குழல் புஷ். புஷ்ஷின் உட்புறம் பெரும்பாலும் ஒயிட் மெட்டல் பூசியிருக்கும். அது வெள்ளீயத்தை முதன்மையாகக் கொண்ட மென்மையான உலோகக் கலவை. 1839இல் அமெரிக்கரான ஐசக் பாபிட் காப்புரிமை பெற்றதால் பாபிட் என்றும் சொல்வார்கள். ஜர்னலைவிடப் புஷ் கொஞ்சம் பெரியது, அந்த வித்தியாசம்தான் இடைவெளி. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்டுக்கு விட்டத்தில் சுமார் 0.1 மில்லிமீட்டர் விடுவார்கள், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. ஷாஃப்ட் நட்ட நடுவில் இருந்தால் சுற்றிலும் 0.05 மில்லிமீட்டர் இடம்தான் இருக்கும். நம் தலைமுடியே அதைவிடத் தடிமன்.

கார் என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் இப்படிப்பட்ட பேரிங்கில்தான் சுற்றுகிறது. நெய்வேலியிலும் தூத்துக்குடியிலும் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும் நீராவி டர்பைன்களும் அப்படியே. பல டன் எடையுள்ள ரோட்டர் (டர்பைனின் சுற்றும் பகுதி) வருடக்கணக்கில் ஓடுகிறது, ஒயிட் மெட்டலில் பெரிய தேய்மானம் இல்லை. எப்படி?

ஷாஃப்ட் மிதக்கிறது, அதைத் தூக்குவது பம்பு இல்லை

மழை நாளில் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் கார் சில சமயம் தண்ணீர் மேல் மிதந்து, ஸ்டீயரிங் பிடியே இல்லாமல் போய்விடும். டயருக்கும் சாலைக்கும் நடுவே முன்பக்கம் அகலமாகவும் உள்ளே போகப் போகக் குறுகலாகவும் ஓர் ஆப்பு வடிவ இடம் இருக்கிறது. வேகம் கூடும்போது தண்ணீர் பக்கவாட்டில் விலகிப் போக நேரம் கிடைக்காமல் அந்த ஆப்புக்குள் திணிக்கப்படுகிறது. அப்போது அதில் உண்டாகும் அழுத்தம் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியையே தூக்கிவிடுகிறது. சாலையில் இது ஆபத்து. பேரிங்கில் நமக்கு வேண்டியதே இதுதான்.

ஷாஃப்ட் நிற்கும்போது புஷ்ஷின் அடியில் உட்கார்ந்திருக்கும். சுற்றத் தொடங்கியதும் அதன் மேல் ஒட்டியிருக்கும் எண்ணெயும் கூடவே சுற்றும். ஷாஃப்ட் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருப்பதால் அதற்கும் புஷ்ஷுக்கும் நடுவே தானாகவே ஓர் ஆப்பு உருவாகிறது. ஷாஃப்ட் இழுத்துவரும் எண்ணெய் அகலமான இடத்திலிருந்து குறுகலான இடத்துக்குள் நுழைந்தாக வேண்டும். வைகுண்ட ஏகாதசி அன்று அகலமான பிரகாரத்திலிருந்து சின்ன வாசலுக்குள் கூட்டம் நுழைவதை நினைத்துப் பாருங்கள். பின்னாலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், முன்னால் இடம் குறைந்துகொண்டே போகும், வாசலை ஒட்டி நிற்பவர்தான் நசுங்குவார். அந்த நசுக்கல்தான் எண்ணெயில் அழுத்தமாகிறது. அதன் மேல்தான் ஷாஃப்ட் எழுந்து நிற்கிறது, அதுவும் நேர் கீழே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் தள்ளி. நடுவிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறதோ அதை மையவிலகல் என்கிறோம்.

இது தெரியவந்ததே ஒரு தற்செயலால்தான். 1883இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். சோதனைக்கு எடுத்த ஜர்னல் 4 அங்குல விட்டம், 6 அங்குல நீளம். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாகத் துளை வழியே வெளியே வழிந்தது. தக்கையை வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரத்துண்டை அடித்து அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. பிறகு அழுத்தமானியை மாட்டினார். அது சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டக்கூடியது, முள் அதையும் தாண்டிப் போய்விட்டது. பேரிங் மேல் அவர் ஏற்றியிருந்த சுமையின் சராசரியோ சுமார் 100 பவுண்டுதான். கார் டயரில் நாம் பிடிப்பது 30 பவுண்டு என்பதை வைத்து யோசித்தால் இதன் அளவு புரியும். அந்தச் சோதனையில் எந்தப் பம்பும் இல்லை, ஜர்னலின் கீழ்ப்பகுதி எண்ணெய்த் தொட்டியில் நனைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

டர்பைன்களில் பம்பு உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அது எண்ணெயைக் கொடுப்பது ஒன்று, இரண்டு பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது சதுர அங்குலத்துக்குச் சுமார் 14.5 பவுண்டு). ரோட்டர் பேரிங் மேல் ஏற்றும் சுமையின் சராசரி மட்டுமே பல சமயம் 15, 20 பார் இருக்கும். ஒன்றரை பாரால் 20 பாரைத் தூக்க முடியாது. பம்பின் வேலை குறையும் எண்ணெயை நிரப்புவதும் சூட்டை வெளியே எடுத்துப்போவதும்தான். (ரோட்டரை மிக மெதுவாகச் சுற்ற வைக்கும்போது மட்டும் ஜாக்கிங் ஆயில் பம்பு என்று தனியாக ஒன்று மிக அதிக அழுத்தத்தில் நிஜமாகவே தூக்கிப் பிடிக்கும். அந்த மெதுவான வேகத்தில் ஆப்பு வேலை செய்யாது என்பதால்தான் அது தேவைப்படுகிறது.)

ஆக, சுமையைத் தாங்குவது ஆப்புக்குள் பிறக்கும் அழுத்தம். அது பிறக்க வேகம் வேண்டும், குறுகும் இடம் வேண்டும், ஷாஃப்டோடு ஒட்டி வரும் அளவுக்கு எண்ணெயில் கெட்டித்தன்மை வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் படலம் மெலியும். கரும்பாலையின் அரவை உருளைகள் நிமிடத்துக்குச் சில சுற்றுகள்தான் சுற்றும், சுமையோ மிக அதிகம். அங்கே முழுப் படலம் உருவாகாது, உலோகமும் உலோகமும் தொட்டுக்கொண்டுதான் ஓடும். இந்தக் கட்டுரையில் சொல்லும் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

உலோகம் தொடவில்லை என்றால் சூடு எங்கிருந்து வருகிறது?

மிக்ஸியில் இட்லி மாவு அரைத்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். அரிசி நைஸாக அரைந்த பிறகும் ஓடவிட்டால் மாவு சூடாகிவிடும், அதனால்தான் ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைக்கிறோம். அந்த நேரத்தில் பிளேடு எதையும் உடைப்பதில்லை, கெட்டியான மாவை வேகமாகக் கலக்குகிறது. கலக்கும் வேலை முழுவதும் மாவுக்குள்ளேயே சூடாக மாறுகிறது. தண்ணீரைத் துடுப்பால் கலக்கினால் அது சூடாகும் என்பதை ஜேம்ஸ் ஜூல் 1840களில் அளந்தே காட்டிவிட்டார்.

ஒரு சீட்டுக்கட்டை மேசை மேல் வைத்து மேல் சீட்டை மட்டும் தள்ளுங்கள். ஒவ்வொரு சீட்டும் கீழே உள்ளதைவிடக் கொஞ்சம் அதிகமாக நகரும், அடிச்சீட்டு அசையாது. பேரிங்கில் இருக்கும் எண்ணெயும் அப்படித்தான்: புஷ்ஷைத் தொடும் அடுக்கு நிற்கிறது, ஷாஃப்டைத் தொடும் அடுக்கு முழு வேகத்தில் ஓடுகிறது, நடுவில் உள்ளவை ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகின்றன. இந்த வழுக்கலுக்கு எண்ணெய் காட்டும் எதிர்ப்புதான் பாகுநிலை. நாம் பேச்சில் கெட்டி, தண்ணி என்று சொல்வது இதைத்தான்.

100 மில்லிமீட்டர் ஷாஃப்ட் 3000 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் அதன் மேற்பரப்பு நொடிக்கு 15.7 மீட்டர் ஓடும், மணிக்கு 56 கிலோமீட்டருக்கு மேல். முடியைவிட மெல்லிய இடைவெளியின் ஒரு சுவர் நிற்க, மற்றது பேருந்து வேகத்தில் ஓடுகிறது! ஒவ்வொரு சொட்டு எண்ணெயிலும் பிறக்கும் சூடு, பாகுநிலையைப் பொறுத்தும், வேகத்தை இடைவெளியால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தும் இருக்கும். வர்க்கம் என்பதைக் கவனியுங்கள். படலம் பாதியாக மெலிந்தால் அந்த இடத்தில் ஒவ்வொரு சொட்டும் நான்கு மடங்கு சூட்டை உண்டாக்கும்.

சூடு திரும்பி வந்து எண்ணெயை இளக்குகிறது

தோசைக்கல்லில் எண்ணெய் விட்டதும் அது எவ்வளவு சுலபமாகப் பரவுகிறது என்று பார்த்திருப்பீர்கள். டர்பைன்களில் பரவலாகப் பயன்படும் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 32 எண்ணெயை எடுத்துக்கொள்வோம். அந்த 32 என்பது 40 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை, சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகில். அதே எண்ணெய் 60 டிகிரியில் சுமார் 15 ஆகிவிடும், 70 டிகிரியில் சுமார் 11, 100 டிகிரியில் ஐந்தரை. முப்பது டிகிரி ஏறினால் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்.

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. பாகுநிலை சூட்டை உண்டாக்குகிறது. சூடு பாகுநிலையைக் குறைக்கிறது. பாகுநிலை குறைந்தால் சூடு பிறப்பதும் குறையும், கூடவே சுமை தாங்கும் திறனும் குறையும். திறன் குறைந்தால் ஷாஃப்ட் இன்னும் இறங்கும், படலம் மெலியும், மெலிந்த இடத்தில் சூடு மறுபடி கூடும். எது முதலில், எது பிறகு என்று சொல்லவே முடியாது. முதலில் படலத்தைக் கணக்கிட்டுவிட்டு அப்புறம் வெப்பநிலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். இரண்டையும் சேர்த்தேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

கையால் ஒரு கணக்கு

இதற்குக் கணினி வேண்டாம். டவர் சோதனை செய்த அதே 1883இல் ரஷ்யப் பொறியாளர் நிக்கோலாய் பெத்ரோவ் ஓர் எளிய வழி சொன்னார்: ஷாஃப்ட் நட்ட நடுவில் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டு உராய்வைக் கணக்கிடுங்கள். சுமை குறைவாக இருக்கும்போது இது ஓரளவு சரியாகவே வரும்.

நம் 100 மில்லிமீட்டர் ஷாஃப்டை எடுப்போம். பேரிங்கின் நீளமும் 100, சுற்றிலும் இடைவெளி 0.05, வேகம் 3000, எண்ணெய் வி.ஜி. 32, உள்ளே வரும்போது 40 டிகிரி, நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடுகிறது. அந்த ஓட்டத்தை ஒரு டிகிரி சூடேற்ற சுமார் 166 வாட் தேவை.

எண்ணெய் முழுக்க 40 டிகிரியிலேயே இருக்கிறது என்று முதலில் வைத்துக்கொள்வோம். உராய்வில் போகும் சக்தி 4.2 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. குளியலறை கீசர் இரண்டுக்குச் சமம். அதுவும் எவ்வளவு எண்ணெய்க்குள்? இடைவெளி முழுவதையும் நிரப்பினாலும் ஒன்றரை மில்லிலிட்டர்தான், அரை ஸ்பூன்கூட வராது. இவ்வளவு சூடும் எண்ணெயோடுதான் வெளியே போகிறது என்றால் எண்ணெய் சுமார் 25 டிகிரி ஏறும், 40இல் நுழைந்து 65இல் வெளியேறும், சராசரி 53.

ஆனால் 40 என்றுதானே தொடங்கினோம்? சரி, இப்போது 53 டிகிரிக்கு உரிய பாகுநிலையை வைத்து மறுபடி கணக்கிட்டால் சக்தி 2.5 கிலோவாட்டாக இறங்குகிறது, சராசரி 48க்கு அருகே வருகிறது. 48ஐ வைத்துப் போட்டால் 49. 49ஐ வைத்துப் போட்டால் மறுபடியும் 49. நின்றுவிட்டது. எண்ணெய் கிட்டத்தட்ட 58 டிகிரியில் வெளியேறும், சூடு சுமார் 2.9 கிலோவாட்.

இப்படி ஒரு விடையை ஊகித்து, அதிலிருந்து அடுத்ததைக் கண்டு, இரண்டும் ஒன்றாகும்வரை திரும்பத் திரும்பப் போடுவதைச் சுற்றுக்கணக்கு என்று சொல்லலாம். பெரிய மென்பொருள்கள் செய்வதும் அடிப்படையில் இதையேதான். முதல் சுற்றோடு நிறுத்தியிருந்தால் 4.2 கிலோவாட் என்று எழுதியிருப்போம், கிட்டத்தட்ட பாதி அதிகப்படியான விடை.

கணினி மாதிரி என்ன செய்கிறது

கைக்கணக்கில் பேரிங் முழுவதற்கும் ஒரே ஒரு வெப்பநிலைதான். நிஜத்தில் ஒரே பேரிங்கின் ஒரு மூலை 45 டிகிரியிலும் இன்னொரு இடம் 85 டிகிரியிலும் இருக்கலாம், ஒயிட் மெட்டல் எங்கே கெடும் என்பதை அந்த இன்னொரு இடம்தான் தீர்மானிக்கும். அதனால் கணினியில் எழுதும் கணக்கில், அதாவது மாதிரியில், படலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறோம். பேரிங்கை வெட்டி, வேட்டியைப் போல விரித்து, கட்டம் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கணக்குகள்.

முதலாவது எண்ணெயின் வரவு செலவு. ஒரு கட்டத்துக்குள் எண்ணெய் இரண்டு வழியில் வரும்: ஷாஃப்ட் இழுத்து வருவது, அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து தள்ளப்பட்டு வருவது. வந்தது எவ்வளவோ அவ்வளவு வெளியே போயாக வேண்டும். இதை எல்லாக் கட்டங்களுக்கும் எழுதினால் அதுதான் ரெனால்ட்ஸ் சமன்பாடு. டவரின் சோதனையைப் பார்த்துவிட்டு ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் இதை வெளியிட்டார். அந்தக் கட்டுரைக்காக ஆலிவ் எண்ணெயின் பாகுநிலையை அவரே சோதித்து அளந்தார், வெப்பநிலைக்கு ஏற்ப அது எப்படி மாறுகிறது என்பதையும் சேர்த்து. வெப்பத்தை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருக்கிறது.

இந்தச் சமன்பாட்டில் ஒன்றை மட்டும் மனதில் வைத்தால் போதும். அழுத்தத்தால் தள்ளப்படும் ஓட்டம், இடைவெளியை மூன்று முறை பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. இடைவெளி பாதியானால் அதே அழுத்தத்துக்கு எட்டில் ஒரு பங்கு எண்ணெய்தான் கசியும். மெல்லிய படலம் இவ்வளவு பிடிவாதமாகச் சுமையைத் தாங்குவதற்குக் காரணம் இதுதான். எண்ணெய் தப்பித்துப் போக வழி கிடைப்பதில்லை.

இரண்டாவது சூட்டின் வரவு செலவு, இதற்கு ஆற்றல் சமன்பாடு என்று பெயர். கட்டத்துக்குள் வழுக்கலால் பிறக்கும் சூடு வரவு. நகரும் எண்ணெய் எடுத்துப்போவதும், புஷ்ஷுக்குள்ளும் ஷாஃப்டுக்குள்ளும் கடத்தப்படுவதும் செலவு. இதைத் தீர்த்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் வெப்பநிலை கிடைக்கும், அதிலிருந்து புதிய பாகுநிலை, அதை எடுத்துக்கொண்டு மறுபடி முதல் கணக்குக்குப் போக வேண்டும். கூடவே ஷாஃப்ட் எங்கே நிற்கிறது என்பதையும் ஒவ்வொரு சுற்றிலும் நகர்த்திப் பார்க்க வேண்டும், அழுத்தத்தின் கூட்டுத்தொகை சுமைக்குச் சமமாக வரும்வரை. எல்லாம் அசையாமல் நின்றால் விடை.

இவ்வளவையும் கையால் போட முடியாது. 1958இல் ரைமாண்டி, பாய்ட் என்ற இருவர் முதல் கணக்கை மட்டும் கணினியில் தீர்த்து வரைபடங்களாக வெளியிட்டார்கள், கல்லூரிப் பாடப்புத்தகங்களில் இன்றும் இருப்பவை அவைதான். படலத்தின் தடிமனுக்குள்ளேயே மேலிருந்து கீழ்வரை பாகுநிலை மாறுவதையும் சேர்த்து ரெனால்ட்ஸ் சமன்பாட்டை விரிவாக எழுதியவர் டங்கன் டௌசன், 1962இல்.

சுருக்கமாக: எண்ணெய்க்கு ஒரு வரவு செலவு, சூட்டுக்கு ஒரு வரவு செலவு, இரண்டையும் கட்டிப்போடும் கயிறு பாகுநிலை.

புதியவர்களின் மாதிரி எங்கே தவறுகிறது

அதிகம் மறக்கப்படுவது பழைய எண்ணெய். பேரிங்குக்கு 40 டிகிரியில் எண்ணெய் கொடுக்கிறோம் என்பதால் படலத்துக்குள் 40 டிகிரி எண்ணெய்தான் நுழைகிறது என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு சுற்று முடித்த சூடான எண்ணெய் முழுவதும் பக்கவாட்டில் வெளியேறிவிடுவதில்லை. ஒரு பகுதி ஷாஃப்டோடு ஒட்டிக்கொண்டு சுற்றி வந்து, புதிய எண்ணெயோடு கலந்து, மறுபடி உள்ளே போகிறது. பாதி குடித்த சூடான டீயில் ஆறின பாலை ஊற்றினால் டீ பாலின் சூட்டுக்கு வருமா? அதே கதைதான். படலத்தின் தொடக்க வெப்பநிலை எப்போதும் கொடுக்கும் எண்ணெயைவிடக் கூடுதல். இதை விட்டுவிட்டால் எல்லா எண்களும் நிஜத்தைவிடக் குளிர்ச்சியாக வரும், கணக்குப் போட்டவருக்குப் பொய்யான தைரியமும் கூடவே வரும்.

அடுத்தது, எண்ணெயை இழுக்க முடியாது என்பது. ஆப்பு குறுகும் பக்கத்தில் அழுத்தம் ஏறுகிறது, அதைத் தாண்டி இடம் மறுபடி விரியும் பக்கத்தில் சமன்பாடு எதிர்மறை அழுத்தம் காட்டும். 1904இல் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் கண்ட அழகான தீர்வில் இருபக்கமும் சரிசமமாக வரும், ஒரு பக்கம் எவ்வளவு தள்ளுகிறதோ மறுபக்கம் அவ்வளவு இழுக்கும். நிஜ எண்ணெய் அப்படி இழுபட்டு நிற்காது, கிழிந்து இழை இழையாகப் பிரிந்துவிடும், நடுவில் காற்றும் வாயுவும் புகுந்துகொள்ளும். ஆகவே விரியும் பக்கத்தில் எதிர்மறை எண்களை அப்படியே நம்பக் கூடாது. கிழிந்த பகுதியில் எண்ணெய் குறைவு என்பதால் அங்கே பிறக்கும் சூடும் குறைவு.

உலோகம் விரிவடைவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேரிங் பிடித்துக்கொள்வதற்கு, அதாவது சீஸ் ஆவதற்கு, இது ஒரு முக்கியமான காரணம். இயந்திரத்தைக் குளிர்ந்த நிலையில் சட்டென்று முழு வேகத்துக்குக் கொண்டுபோனால் ஷாஃப்ட் சீக்கிரம் சூடாகிவிடும், கனமான இரும்பு உறைக்குள் (ஹவுசிங்) உட்கார்ந்திருக்கும் புஷ் மெதுவாகத்தான் சூடாகும். ஷாஃப்ட் புஷ்ஷைவிட 40 டிகிரி சூடாகிவிட்டது என்று வையுங்கள். 100 மில்லிமீட்டர் எஃகு அந்த 40 டிகிரிக்குச் சுமார் 0.046 மில்லிமீட்டர் பெருக்கும். நாம் விட்ட இடைவெளியே 0.1தான், கிட்டத்தட்ட பாதி போய்விட்டது! இடைவெளி குறைந்தால் சூடு கூடும், எண்ணெய் ஓட்டம் குறையும், ஷாஃப்ட் இன்னும் பெருக்கும். இந்தச் சுழல் ஒருமுறை பிடித்துக்கொண்டால் நிமிடங்களில் முடிந்துவிடும். "டைட்டா இருந்தா நல்லது" என்று இடைவெளியைக் குறைத்துப் பொருத்துபவர்கள் இந்த ஒரு எண்ணை மட்டுமாவது ஞாபகம் வைக்க வேண்டும். அதற்காக இடைவெளியை இஷ்டத்துக்குக் கூட்டவும் கூடாது. சுமை தாங்கும் திறன் குறையும், அதோடு ஷாஃப்ட் தன் வேகத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் புஷ்ஷுக்குள் சுழன்றாடத் தொடங்கலாம்.

கெட்டியான எண்ணெய்க்குத் திரும்புவோம்

முன்பு போட்ட அதே கணக்கில் வி.ஜி. 32க்குப் பதிலாக வி.ஜி. 68ஐ ஊற்றினால்? 40 டிகிரியில் பாகுநிலை இரண்டு மடங்குக்கும் மேல். சுற்றுக்கணக்கைப் போட்டு நிறுத்தினால் சராசரி 49இலிருந்து 54க்கு ஏறுகிறது, வெளியேறும் எண்ணெய் 58இலிருந்து 69க்குப் போகிறது, சூடு 2.9இலிருந்து 4.7 கிலோவாட்டாகிறது. ஓடும்போது உண்மையில் கிடைக்கும் பாகுநிலை இரண்டு மடங்கு இல்லை, 1.6 மடங்குதான், மீதியைச் சூடு தின்றுவிட்டது. இதிலும் எண்ணெய் ஓட்டம் மாறவில்லை என்று வைத்திருக்கிறேன். கெட்டியான எண்ணெய் உள்ளே போவதே சிரமம் என்பதால் நிஜத்தில் இன்னும் மோசமாகலாம்.

படலம் தடிக்கிறது என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. குறைந்த வேகம், அதிகச் சுமை என்றால் அந்தத் தடிமன் தேவைப்படும். வேகமாகச் சுற்றும் பேரிங்கில் சூட்டைக் குறைக்கக் கெட்டியான எண்ணெயை ஊற்றுவது என்பது மட்டும் தலைகீழான வைத்தியம்.

அளவீட்டைப் படிக்கும்போது

பேரிங்கிலிருந்து வடியும் எண்ணெயின் வெப்பநிலையை மட்டும் பார்த்து "60 டிகிரிதானே, பயமில்லை" என்று சொல்வதுண்டு. அது எல்லா இடத்து எண்ணெயும் கலந்த சராசரி. மிகச் சூடான இடம், படலம் மிகவும் மெலிந்த இடத்தை ஒட்டி, சுழலும் திசையில் சற்றுத் தள்ளிப் புஷ்ஷில் இருக்கும். ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருப்பதால் அதன் சுற்றளவு முழுவதும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும், புஷ்தான் ஒரே இடத்தில் அடி வாங்கும். ஒயிட் மெட்டலின் உருகத் தொடங்கும் நிலை சுமார் 240 டிகிரி என்றாலும் 120, 130ஐத் தாண்டும்போதே அதன் வலு வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே சென்சார் ஒயிட் மெட்டலுக்குச் சில மில்லிமீட்டர் கீழே, சுமை விழும் பகுதியில் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. உள்ளே வரும் எண்ணெய் 40இலிருந்து 48 டிகிரிக்கு ஏறிவிட்டது என்று வைத்து அதே கைக்கணக்கைப் போட்டால், வெளியேறும் எண்ணெய் 8 டிகிரி ஏறாது, 5 டிகிரிக்குள்தான் ஏறும். இளகிய எண்ணெய் குறைவாகச் சூட்டை உண்டாக்குவதால் சுழல் தன்னைத்தானே தணித்துக்கொள்கிறது. பார்ப்பவருக்கு 5 டிகிரிதான் தெரியும். அதற்குள் பாகுநிலை ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும், படலமும் அதற்கேற்ப மெலிந்திருக்கும். அதனால் வெளியேறும் எண்ணெயோடு உள்ளே வரும் எண்ணெயின் வெப்பநிலையையும் எப்போதும் சேர்த்துப் பாருங்கள்.

அந்த விசிறியில் நடந்ததும் இதுதான். ஆயில் கூலரின் தண்ணீர்க் குழாய்கள் பாதிக்கு மேல் உப்புப் படிந்து அடைத்திருந்தன, உள்ளே வரும் எண்ணெயே பத்து டிகிரிக்கு மேல் சூடாக வந்துகொண்டிருந்தது, அதை அளக்க அங்கே மீட்டரே கிடையாது. குழாய்களைச் சுத்தம் செய்து பழைய கிரேடு எண்ணெயையே திரும்ப ஊற்றினோம். மறுநாள் காலை பேரிங் தன் பழைய வெப்பநிலைக்கு வந்திருந்தது.